பெரியமேட்டு 'மேட்ச் பாய்' டீக்கடை: ஆட்டத்துக்கு முன்னால் ஒரு டீ, விசிலுக்கு அப்புறம் ஒரு டீ

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நேரு ஸ்டேடியத்திலிருந்து வெளியே வந்து பெரியமேட்டுக்குள் நுழைந்தால், தோல் கடைகளின் வாசனை ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சந்து வரும். சந்து முனையில் பச்சை ஷட்டர், ஒரு பாய்லர், வாசலில் ஒரு பெஞ்ச், உள்ளே சுவரோரமாக இன்னொன்று. பெரியமேட்டில் பாய் கடை எங்கே என்று கேட்டால் பத்துக் கடையைக் காட்டுவார்கள். 'மேட்ச் பாய் கடை' என்று கேளுங்கள், ஸ்டேடியம் பக்கம் ஆட்டோ ஓட்டுகிற யாரும் சரியாகக் கொண்டுவந்து விடுவார்கள்.

2014ல் ஐஎஸ்எல் கால்பந்து லீகில் நம்ம ஊர் டீம் 'சென்னையின் எஃப்சி' முதல் சீசன் ஆடியபோது அப்பா என்னை இங்கே கூட்டிவந்தார். அப்போதிலிருந்து சொந்த மைதானத்தில் மேட்ச் நடக்கிற நாளெல்லாம் இந்தக் கடையில்தான் எனக்கு முதல் டீயும் கடைசி டீயும். பத்து வருஷத்துக்கு மேல் குடித்த கடையைப் பற்றி ஒரு வரியில் 'டீ நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை.

டீ நன்றாக இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி டம்ளரில் 15 ரூபாய். பால் கெட்டியாக இருக்கும், டிகாஷன் கசக்காது. பாய் ஆற்றுகிற உயரத்தைப் பார்த்தால் பக்கத்தில் நிற்க பயமாக இருக்கும், ஆனால் ஒரு சொட்டு வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை. இஞ்சி வேண்டுமென்றால் கேட்க வேண்டும். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் ஆறு மணிக்கு முன்னால் கேட்க வேண்டும், கூட்டம் வந்துவிட்டால் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள். சின்ன வெங்காய சமோசா நாலு 20 ரூபாய். மொறுமொறுப்பு அரை மணி நேரம்தான், எடுத்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும். முட்டை பப்ஸ் வெளியிலிருந்து வருகிறது, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெண்கள் உட்காரலாமா என்று கேட்பீர்கள். உட்காரலாம். உள் பெஞ்ச் அதற்காகவே. அங்கே யாரும் சிகரெட் பற்ற வைக்க முடியாது, பாய் ஒரு பார்வை பார்த்தால் எழுந்து சந்துக்குப் போய்விடுவார்கள். என் மகள் கல்லூரி கால்பந்து டீமில் லெஃப்ட் பேக், பின்னால் இடது ஓரத்தைக் காக்கிறவள். பதினாலு வயதிலிருந்து அவளையும் இங்கே கூட்டி வருகிறேன், ஒரு நாளும் சங்கடப்பட்டதில்லை.

ஆனால் இந்தக் கடை தருகிற பெரிய சேவை டீ இல்லை. தோற்றுவிடுவோமோ என்ற பயத்தைக் கொண்டுவந்து இறக்கி வைக்க ஓர் இடம் தருகிறது. அதை விளக்க அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃபில் வெல்டராக இருந்தவர். சின்ன வயதில் வியாசர்பாடி டீமுக்கு லெஃப்ட் விங் ஆடினார். 1993ல் நேரு கோப்பைப் போட்டிகள் இதே ஸ்டேடியத்தில் நடந்தபோது என்னைத் தோளில் கை போட்டு அழைத்துப் போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக அடித்த கோலைப் பற்றி, நேரில் பார்த்த மாதிரி சொல்வார். அந்த மேட்சில் இந்தியா 3-1 என்று தோற்றது. அதையும் விடாமல் சொல்வார். அப்பாவுக்குக் கோலும் தோல்வியும் சேர்ந்ததுதான் கதை.

மேட்ச் நாளில் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வாங்கியதும் அவர் சொல்கிற முதல் வார்த்தை, "இன்னிக்குத் தோத்துருவோம்." சும்மா சொல்ல மாட்டார். காரணம் வைத்திருப்பார். நம்ம ரைட் பேக் ஏறிப் போனால் திரும்பி வர நேரமாகிறது. அவங்க பத்தாம் நம்பர் ஆட்டக்காரன் இடது காலால் வெட்டி உள்ளே வருவான். மூணு நாள் முன்னாடிதான் வெளியூரில் ஆடியிருக்கோம், கால் ஓயும். ஐந்து காரணம், சில நாள் ஆறு. பாய் பாய்லரிலிருந்து திரும்பாமலே "அப்புறம்?" என்பார். எல்லாம் சொல்லி முடித்து டம்ளரை வைத்துவிட்டு எழுந்தால், ஸ்டேடியத்துக்குள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். அங்கே கத்துவார், கை தட்டுவார், கார்னர் கிடைத்தால் எழுந்து நின்றுவிடுவார்.

எனக்கு அப்போது இது பிடிக்கவே இல்லை. நான் ஜெயிப்போம் என்று நம்பிப் போகிறவள். போகும்போதே எதற்கு அபசகுனமாகப் பேச வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

2015 டிசம்பரில் புரிந்தது. வெள்ளம் வந்த மாசம். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, டிவி போய்விட்டது. கொல்கத்தாவுடனான அரையிறுதியின் முதல் ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது, வெள்ளத்தால் புனேவுக்கு மாற்றினார்கள். 3-0 என்று ஜெயித்தோம், ஊரில் யாரும் நேரில் பார்க்க முடியவில்லை. இறுதி ஆட்டம் டிசம்பர் 20, கோவாவில், எஃப்சி கோவாவுடன். பக்கத்து வீட்டு மாடியில் புது டிவி முன்னால் இருபது பேர். 54வது நிமிடம் நம்ம புரூனோ பெலிசாரி அடித்தார். நாலே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87வது நிமிடம் ஜோஃப்ரே அடித்து கோவா 2-1 என்று முன்னால் போனது.

நான் எழுந்துவிட்டேன். பார்க்க முடியவில்லை. மாடிப்படி இறங்கி, சேறு காயாத எங்கள் வாசலில் போய் நின்றேன். அந்த மாசம் முழுக்க இழந்ததோடு இதுவும் ஒன்று என்று தோன்றியது. கொஞ்ச நேரத்தில் மேலே கூச்சல். யாரோ தவறி விழுந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 90வது நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி மேல் பட்டுப் பந்து வலைக்குள் போயிருக்கிறது, இன்ஜுரி டைமில் நம்ம மெண்டோசா மூன்றாவதை அடித்திருக்கிறார். 3-2. நாம் சாம்பியன். இரண்டு கோலையும் நான் ரீப்ளேயில்தான் பார்த்தேன்.

அப்பா நாற்காலியில் அசையாமல் இருந்தார், கண் மட்டும் நனைந்திருந்தது. "நீங்க தோப்போம்னு தானப்பா சொன்னீங்க?" என்றேன். "ஆமா. இப்பவும் தோப்போம்னுதான் இருந்தேன். ஆனா விசில் ஊதலையேம்மா" என்றார்.

ஜெயிப்போம் என்று உறுதியாக இருந்தவள் எழுந்து போனேன். தோற்போம் என்று சொன்னவர் கடைசிவரை உட்கார்ந்தார். என்னிடம் நம்பிக்கை மட்டும்தான் இருந்தது, அது உடைந்ததும் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. அவருக்குத் தோல்வி புதுசில்லை. அதைப் பெயர் சொல்லி, காரணம் சொல்லி, முன்னாடியே பார்த்துவிட்டார். அதனால் அது நேரில் வந்து நின்றபோதும் அவரால் கண்ணை எடுக்காமல் இருக்க முடிந்தது. டீக்கடையில் பயத்தைக் கொட்டிவிட்டதால் காலரிக்குள் கொண்டுபோக நம்பிக்கை மட்டும் மிச்சமிருந்தது.

அப்பா 2017 ஜூலையில் போய்விட்டார். அடுத்த மார்ச்சில் மறுபடி அரையிறுதி, மறுபடி எஃப்சி கோவா. முதல் ஆட்டம் 1-1. 13ஆம் தேதி இரண்டாவது ஆட்டம் சென்னையில். பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பாய் டீயைக் கொடுத்துவிட்டு வழக்கம்போலத் திரும்பிக்கொண்டு, "இன்னிக்கு ஏன் தோப்போம்? சொல்லும்மா" என்றார்.

சொன்னேன். முதன்முதலாக. கோவாவின் கோரோ அந்த சீசனில் 18 கோல் அடித்தவன், அவனை நம்ம ஆட்கள் தொண்ணூறு நிமிடமும் கட்டிப்போட முடியாது. அவங்களுக்கு ஒரே ஒரு கோல் போதும் பதற்றம் நம்ம பக்கம் வந்துவிடும். குரல் கொஞ்சம் உடைந்தது, ஆனால் சொல்லி முடித்தேன். பாய் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும்.

அன்றைக்கு 3-0. ஜேஜே முதல் கோல் அடித்து மூன்றே நிமிடத்தில் தனபால் கணேஷ் அடித்தார். எங்கள் வியாசர்பாடிப் பையன், எங்கள் மண்ணில் ஓடி வளர்ந்த கால். அந்த கோலுக்கு நான் கத்திய கத்தில் இரண்டு நாள் தொண்டை கட்டிக்கொண்டது. நாலு நாள் கழித்து பெங்களூரில் இறுதி ஆட்டம், பெங்களூரு எஃப்சியுடன். லீகில் நம்மைவிட எட்டுப் புள்ளி அதிகம் எடுத்த டீம், அவர்கள் சொந்த மைதானம், ஒன்பதாவது நிமிடத்திலேயே சேத்ரி கோல். நான் எழுந்திருக்கவில்லை. மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு தலை முட்டு, அப்புறம் ரஃபேல் அகஸ்டோ. மீக்கு கடைசியில் ஒன்று அடித்தும் 3-2 நமக்கு. எல்லா கோலையும் நேரலையில் பார்த்தேன்.

இந்தக் கடையின் தரத்தை நான் எடைபோட்டது ஜெயித்த வருஷங்களில் இல்லை, அடுத்து வந்த 2018-19ல். சாம்பியனாக இறங்கி, 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 13 தோல்வி, 9 புள்ளி, பத்து டீமில் பத்தாவது. அந்த சீசனில் பெஞ்சில் பேச்சு மாறிப்போனது. காரணம் சொல்வது நின்று, வசை ஆரம்பித்தது. சிலருக்குத் தோற்பதே ருசியாகிவிட்டது. நான் அப்பவே சொன்னேன் பார், என்று சொல்வதற்காகவே வந்தார்கள். பயம் வேறு, இது வேறு. பயப்படுகிறவனுக்கு டீம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. இவர்களுக்குத் தங்கள் கணிப்பு ஜெயித்தால் போதும். ஒரு நாள் ஒருவர் நம்ம பையன் ஒருத்தனை அம்மா பெயர் சேர்த்துத் திட்டினார். பாய் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்தார். "காசு வேணாம். மேட்ச் பாக்க வர்றவங்க உக்கார்ற இடம் இது." அவ்வளவுதான் சொன்னார். திட்டியவர் போய்விட்டார், பேச்சு பழையபடி ரைட் பேக்குக்குத் திரும்பியது.

2019 பிப்ரவரி 9, பெங்களூரு எஃப்சி வந்தது. அந்த சீசனில் கோப்பையைத் தூக்கப்போகிற டீம். சமோசா ஏழு மணிக்கும் தட்டில் இருந்தது, அந்த அளவுக்குத்தான் கூட்டம். என்னிடம் ஏழு காரணம் இருந்தது, ஏழையும் சொன்னேன். 2-1 என்று ஜெயித்தோம். சொந்த மைதானத்தில் அந்த லீக் சீசனின் ஒரே வெற்றி. இரவு பத்தரைக்குக் கடையில் எட்டோ ஒன்பதோ பேர். ஒன்றுக்கும் உதவாத வெற்றிதான், கடைசி இடம் மாறப்போவதில்லை. ஆனாலும் வாசல் பெஞ்சில் ஒரு வயசானவர் இரண்டு கோலையும் சமோசாவை வைத்து மறுபடி மறுபடி ஆடிக் காட்டினார். பாய் அன்றைக்கும் இலவசமாக ஒன்றும் தரவில்லை. ஜெயித்தாலும் தோற்றாலும் டீக்கு அதே விலைதான். அது எனக்குப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

2020 மார்ச் 14 இறுதி ஆட்டம், ஆளில்லாத கோவா ஸ்டேடியத்தில், கொல்கத்தாவிடம் 3-1 தோல்வி. சீசன் நடுவில் வந்த பயிற்சியாளர் ஓவன் காய்ல் அந்த டீமை அடியிலிருந்து தூக்கிவந்த விதம் தனியாக எழுத வேண்டியது. அதோடு எல்லாம் மூடிவிட்டார்கள். அடுத்த இரண்டு சீசனும் கோவாவிலேயே நடந்தன, நம்ம ஆட்டமெல்லாம் காலரியில் ஒரு தலை இல்லாமல். வீட்டில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே மகளிடம் காரணம் சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எதிரில் "அப்புறம்?" என்று கேட்க ஆள் வேண்டும்.

2022 அக்டோபரில் திரும்பி வந்தபோது பாய்லர் புதுசாக இருந்தது, பாய் மெலிந்திருந்தார். இப்போது பாதி நேரம் அவர் மகன்தான் டீ ஆற்றுகிறான். கை சுத்தம், உயரம் கொஞ்சம் குறைவு.

உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தப் பத்தாவது இடத்தைவிடக் கஷ்டமாக இருந்தது எட்டாவது இடம். 2020-21, 2021-22, 2022-23, மூன்று சீசனும் வரிசையாக எட்டு. அழவும் விடாது, கனவு காணவும் விடாது. அந்த நாட்களில் பெஞ்சில் காரணம் சொல்வதே ஒரு முயற்சியாக இருந்தது. அப்புறம் 2023-24ல் ஆறாவதாக வந்து பிளேஆஃப் போய், கோவாவிடம் 2-1 தோற்றோம். மறு வருஷம் 13 டீமில் பதினொன்றாவது.

மகள் வேறு மாதிரி. அவள் ஃபோனில் எண்களைப் பார்த்துவிட்டு "அம்மா, சான்ஸே இல்ல" என்று ஆரம்பித்து, எழுபதாவது நிமிடத்தில் பையை மாட்டிக்கொள்வாள். ஏமாறக் கூடாது என்று முதலிலேயே கதவைச் சாத்தி வைத்துக்கொள்கிற வயசு. நான் 2015ல் எழுந்து போன கதையை அவளிடம் சொன்னது அப்போதுதான். தாத்தா வைத்த நிபந்தனை ஒன்றுதான்: தோற்போம் என்று சொல்லலாம், ஆனால் சொன்னவர் விசில் ஊதுகிறவரை எழுந்திருக்கக் கூடாது. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். அன்றைக்கு மேட்சிலும் தோற்றோம், கடைசிவரை இருந்தாள். வெளியே வந்து டீ குடிக்கும்போது, எண்பத்தி மூணாவது நிமிடம் நம்ம லெஃப்ட் பேக் ஒருத்தனைத் துரத்திப் போய்ப் பந்தை எடுத்ததை மட்டும் பேசினாள். எழுபதில் போயிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டாள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கழிப்பறை கிடையாது, ஸ்டேடியத்துக்குள் போகிறவரை பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மழை பெய்தால் வாசல் பெஞ்ச் நனையும், தார்ப்பாயில் ஓட்டை இருக்கிறது, மூன்று வருஷமாகச் சொல்கிறேன். கூட்டத்தில் சில்லறைக்குத் திண்டாட்டம், ஃபோனில் பணம் அனுப்பினால் சத்தமாகச் சொல்லுங்கள், பையன் திரும்பிப் பார்க்க மாட்டான். பத்தே முக்காலுக்கு மேல் வருகிற டீ அதிகமாகக் கொதித்தது, அப்போது பால் மட்டும் கேட்டு வாங்குங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை முடியும்வரை ஷட்டர் இறங்கியிருக்கும். ரமலான் மாசத்தில் மேட்ச் வந்தால் பொழுது சாய்ந்த பிறகுதான் பாய்லர் எரியும், ஆனால் அன்றைக்குப் பெஞ்சில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி வரும், கேட்க வேண்டியதில்லை.

வருகிற வழி: சென்ட்ரலிலிருந்து நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். திரும்பிப் போக எங்களைப் போல வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் பக்கத்துக்காரர்கள் மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார ரயிலைப் பிடிக்கலாம். மேட்ச் முடிந்து ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும், இரண்டாவதுக்கு இருக்காது.

போன சீசனின் கடைசி சொந்த மைதான ஆட்டத்துக்கு நாங்கள் போனபோது, பாய் என்னிடம் கேட்கவில்லை. டம்ளரை மகள் கையில் கொடுத்துவிட்டு, "இன்னிக்கு ஏன் தோப்போம்? சொல்லு கண்ணு" என்றார். அவள் ஃபோனை எடுக்கவில்லை. "நம்ம லெஃப்ட் பேக் ஏறினா பின்னாடி கவர் பண்ண ஆளே இல்ல பாய்" என்று ஆரம்பித்தாள். பாய் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம்?"

நாலு காரணம் சொன்னாள். சமோசா வேண்டுமென்றால் ஆறேகாலுக்குள் போய்விடுங்கள்.